பதில் முடிந்தது

பேச்சில் இடைவெளி கிடையாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எழுத்தில் வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டுப் பழகிவிட்டோம், வாயிலிருந்தும் அப்படியே வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் மேசைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். "இவரு யாரோட மாமா" என்று ஒருவர் கேட்டால், குரலை அலையாக வரைந்து காட்டும் திரையில் அது தலையிலிருந்து வால்வரை ஒரே கம்பளிப்பூச்சி. எங்கேயும் அறுந்திருக்காது. அதே திரையில் "அப்பா" என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் உதடு மூடுகிற இடத்தில் சத்தமே இருக்காது. ஒரே வார்த்தைக்குள் ஓட்டை, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே ஒட்டு. பேசுகிறவர் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார். பொறுக்கி, வெட்டி, அடுக்கிக்கொள்வதெல்லாம் கேட்கிறவர் வேலை.

பேச்சைக் கேட்டு எழுதுகிற இயந்திரத்துக்கு அது தானாக வராது. அதற்காகத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களின் குரல்கள் எங்களுக்கு வரும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வார்த்தை தொடங்கும் இடத்தில் ஒரு கோடு, முடியும் இடத்தில் ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். அந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொள்ளும். பேசுகிறவர் நடுவில் நிறுத்தினால் அந்த மௌனத்துக்கு எங்கள் இடத்தில் 'காலி' என்று பெயர். சின்னக் காலி இருந்தால் விட்டுவிடலாம். பெரிய காலி வந்தால் வெட்டி எறிந்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிட வேண்டும். காலி நிறைந்த கோப்பை அழுக்குக் கோப்பு என்பார் எங்கள் மேற்பார்வையாளர். வேலை முடிந்து 'சரி' என்று அழுத்தியதும் மூலக்குரல் அழிந்துவிடும். ஊரார் குரலை நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி, நல்ல விதிதான்.

என் பக்கத்து இருக்கைக்காரனுக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தோம். அவனைப் போல வெட்டி ஒட்ட எங்கள் அலுவலக மாடியில் ஆள் கிடையாது. மூச்சு வாங்குவது, கனைப்பது, மின்விசிறி இரைச்சல் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டு, "பாத்துக்கோ, குளிச்சு பவுடர் போட்டாச்சு" என்பான்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செருப்புக் கடையில் விற்பனைக்கு நின்றவள் அக்கா. வாய் என்றால் அப்படி ஒரு வாய். வாடிக்கையாளர் "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று ஆரம்பிப்பதற்குள் அவர் காலில் செருப்பு ஏறியிருக்கும். தொலைபேசியில் அவள் பேசினால் நான் 'ம்' கொட்டுவதற்குக்கூட இடம் கிடைக்காது. அவளுக்குத்தான் அந்த நரம்பு நோய் வந்தது. முதலில் கை போனது, பிறகு கால். தலை அதன் பாட்டுக்கு இரவும் பகலும் ஆடியபடி இருந்ததால், ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது. கடைசியாகப் பேச்சைப் பிடித்தது. வார்த்தை சுத்தமாகவே வந்தது. ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நீங்கள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடலாம்.

அத்தான் மோசமானவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அவர்மேல் இருக்கும் கோபத்தில் பிறகு மறந்துபோவேன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, நேரம் காலம் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அவளைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். காத்திருப்பது மட்டும் அவரால் முடியாது. அக்கா "எனக்கு" என்று தொடங்குவாள். "தண்ணியா? இதோ" என்று தம்ளரை வாயில் வைத்துவிடுவார். அவளும் குடித்துவிடுவாள். வேறெதையோ சொல்ல வந்து, கடைசியில் தண்ணீர் குடித்துக்கொண்டே காலம் தள்ளினாள் என் அக்கா. பார்க்க வருகிறவர்கள் "எப்படிக் கவனிச்சுக்கறாரு பாருங்க" என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

அத்தான்தான் அரசாங்கத்துக்கு மனு போட்டார். நோயாளியால் தன் விருப்பத்தைச் சொல்ல முடியவில்லை, என்னைப் பாதுகாவலராக நியமித்தால் காப்பகத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று. காப்பகம் ரயிலில் அரை நாள் தூரம். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், யாரும் பார்க்காத டிவி. தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்து ஒவ்வொரு கட்டிலிலும் "சாப்டறீங்களா?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அத்தனை கட்டில்கள். ஆனால் அங்கே அக்காவின் இரண்டாவது வார்த்தையை யாரும் எந்தக் காலத்திலும் கேட்கப்போவதில்லை என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

"எங்கிட்ட விட்டுடுங்க அத்தான். வீட்லருந்தே வேல பாக்கறதுக்கு ஆபீஸ்ல சம்மதிச்சுட்டாங்க" என்றேன்.

"இப்ப பாசத்துல சொல்றே. ராத்திரி நாலு தடவ எந்திரிச்சுப் பொரட்டிப் பாரு, அப்பறம் பேசலாம்."

"அக்காவயே கேளுங்க."

"அவ என்னத்தச் சொல்லுவா, பாவம்" என்றார்.

அக்கா அங்கேதான் படுத்திருந்தாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

விசாரணை ஒரு அதிகாரி அம்மாவின் அறையில் நடந்தது. மேசைமேல் குரல் வாங்குகிற கருவி ஒன்று, கேட்டுக்கொண்டிருக்கும்போது பச்சை விளக்கு எரியும். நோயாளி சொந்தக் குரலில், சொந்த வார்த்தையில் எங்கே இருக்க விருப்பம் என்று சொல்லிவிட்டால் மனு தள்ளுபடி. கண் சிமிட்டினால் செல்லாது, மற்றவர்கள் எடுத்துச் சொன்னாலும் செல்லாது. கருவி கேள்வியைக் கேட்டது. அக்கா உதட்டைக் கூட்டினாள்.

"நான்" என்றாள்.

பச்சை விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது. அதிகாரி அம்மாவின் திரையில் வந்ததை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். 'நான். பதில் முடிந்தது.' மறுபடி கேட்டார்கள், மறுபடியும் அதே 'நான்'. எனக்கு அந்தக் கருவியைத் தெரியும். எங்கள் மாடியைப் போன்ற ஏதோ ஒரு மாடியில் யாரோ போட்ட கோடுகளைத் தின்று வளர்ந்ததுதான் அது. காலி வந்தால் ஆள் பேசி முடித்துவிட்டார் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அது சொன்னதைச் செய்கிறது.

"முடியல மேடம், அவங்க இன்னும் பேசிட்டிருக்காங்க" என்றேன்.

அதிகாரி அம்மா யோசித்தார். "வெளிய எத்தன பேர் உக்காந்திருக்காங்க பாத்தீங்கல்ல. வீட்ல வச்சு நிதானமா பதிவு பண்ணிட்டு வாங்க, அடுத்த வாரம் கேக்கறேன். ஆனா அவங்க குரலாத்தான் இருக்கணும்."

அத்தான் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பதிவுக் கருவியைத் தலையணைமேல் வைத்தேன். கண்ணாடி ஜன்னலைச் சாத்தினேன். "அக்கா, நீ எங்க இருக்கணும்னு நினைக்கறே? உன் வார்த்தையில சொல்லு" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. ஒவ்வொரு வார்த்தைக்குப் பிறகும் அடுத்தது என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. உள்ளங்கையில் நகம் பதிய உட்கார்ந்திருந்தேன். அலமாரிமேல் விழுந்த வெயில் நகர்ந்து கதவுக்கு வந்துவிட்டது. "நான் தங்கச்சி வீட்ல இருக்கேன். அந்த எடத்துல யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கு எல்லாம் புரியுது." இவ்வளவுதான் அவள் சொன்னது. சொல்லி முடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றி முழுக்க வியர்வை. நான் துடைத்துவிட்டு அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன், எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது.

கேட்டுப் பார்த்தபோது அக்காவின் காற்றுமெத்தைக்குக் கீழே ஓடும் மோட்டார் இரைச்சல் தூக்கலாக இருந்தது. அவள் குரலோ மெலிந்தது. அலுவலகத்தில் கத்திரியிடம் கொடுத்து, "இந்த எரைச்சல மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடு" என்றேன். யாருடைய குரல், எதற்கு என்பதையும் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

மாலையில் கூப்பிட்டு ஹெட்போனை என் காதில் மாட்டினான்.

அக்கா பேசினாள். "நான் தங்கச்சி வீட்ல இருக்கேன் அந்த எடத்துல யாரும் கேக்க மாட்டாங்க எனக்கு எல்லாம் புரியுது." ஒரே மூச்சில். செருப்புக் கடை அக்கா. என்னை 'ம்' கொட்ட விடாத அக்கா. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி போடச் சொன்னேன், மறுபடியும் போடச் சொன்னேன். பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினேன்.

"காலியெல்லாம் எங்கடா?"

"எடுத்துட்டேன். எவ்ளோ இருந்துச்சு தெரியுமா? ஒட்டுன எடமே தெரியாது பாரு" என்றான் பெருமையாக.

"மூலம்?"

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான். கை பழக்கத்தில் 'சரி' அழுத்தியிருந்தான். என் கருவியிலிருந்து நானே அதை அவன் கணினிக்கு மாற்றிவிட்டு, அலுவலக வழக்கப்படி கருவியைத் துடைத்திருந்தேன். அவனைத் திட்டி என்ன பயன். இன்னொருவர் வீட்டுக் குரலாக இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

மறுபடி பதிவு செய்யப் பார்த்தோம். அந்த வாரம் அக்காவுக்குச் சளி பிடித்துக்கொண்டது. வார்த்தைக்குப் பதில் இருமல் வந்தது. வேறு வழியில்லாமல் கத்திரி குளிப்பாட்டிய கோப்பையே எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம், அந்த அம்மா நல்லவராகத்தான் தெரிகிறார் என்று நம்பினேன்.

அவர் அதை அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார். முதல் வார்த்தையிலேயே அத்தான் நிமிர்ந்தார். முடிவதற்குள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார்.

"எம்பொண்டாட்டி இப்படிப் பேசிக் கேட்டு எத்தன நாளாச்சு மேடம். இது இப்ப பேசினது இல்ல. பழைய போன் பேச்சையெல்லாம் எடுத்து வச்சு ஏதோ பண்ணியிருக்கா."

"மெஷினும் நெறைய எடத்துல ஒட்டுன்னுதான் காட்டுது" என்றார் அதிகாரி அம்மா. என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேல பாக்கறீங்க?"

சொன்னேன்.

"அதாவது, குரல வெட்டி ஒட்டற வேல."

நான் சொன்ன எதுவும் அதற்குப் பிறகு எடுபடவில்லை. காலி, அழுக்குக் கோப்பு, 'சரி' பொத்தான் என்று நான் விளக்க விளக்க, திருடன் பூட்டைப் பற்றி விளக்குவது போலத்தான் எனக்கே கேட்டது.

ஆனாலும் அவர் நியாயமான மனுஷி. கருவியை அணைத்தார். நாற்காலியை அக்காவின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் மெஷின ஆஃப் பண்ணிட்டேம்மா. நானே கேக்கறேன். இந்தப் பதிவுல இருக்கறது நீங்க பேசினதா? எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல, உங்க வார்த்தையில சொல்லுங்க."

"இது" என்றாள் அக்கா.

காத்திருந்தோம். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அதிகாரி அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவரை எனக்கு அந்த நிமிடம் ரொம்பப் பிடித்தது.

"நான்." பிறகு, வெகுநேரம் கழித்து, "பேசற." அத்தான் வாயைத் திறந்தார், அதிகாரி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "மாதிரி." எனக்கு வரப்போவது தெரிந்துவிட்டது. என் அக்கா பொய் சொல்லிப் பழகாதவள். செருப்பு கடித்தால் கடிக்கும் என்று சொல்லித்தான் விற்பாள்.

"இல்ல."

அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். இத்தனை மாதங்களில் என்னைத் தவிர வேறு ஒருவர் அக்காவின் முழு வாக்கியத்தைக் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"புரிஞ்சுதும்மா. ரொம்ப நன்றி" என்றார் அதிகாரி அம்மா.

"மேடம், இன்னும் இருக்கு."

"எப்படிச் சொல்றீங்க?"

"கீழ் உதட்டப் பாருங்க. உள்ள மடிச்சிருக்காங்க. அடுத்த வார்த்தைக்கு அப்படித்தான் மடிப்பாங்க."

அவர் பார்த்தார். கொஞ்சம் காத்திருக்கவும் செய்தார். அவர் அவசரப்பட்டார் என்று நான் சொல்லவே மாட்டேன். கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, வாக்கியமும் முழுசாக இருந்தது. என்னிடம் அந்தக் கோப்பு வந்திருந்தாலும் அந்த 'இல்ல'வுக்குப் பின்னால்தான் கோடு போட்டிருப்பேன். அவர் எழுந்து தன் இடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். மனு ஏற்கப்பட்டது.

தாழ்வாரத்தில் அத்தான் நாற்காலியைத் தள்ளினார், நான் கூடவே நடந்தேன். லிஃப்ட் வாசலுக்கு வந்தபோது அக்கா "ஆனா" என்றாள். அத்தானின் கை நின்றது. லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது. அவர் உள்ளே போகாமல் பொத்தானைப் பிடித்தபடி நின்றார். "சொன்னது" என்றாள். உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் அசையவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் காத்திருந்தார்.

"நான்தான்."

"கேட்டீங்கல்ல அத்தான். கேட்டீங்கல்ல" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "எனக்கு எத நம்பறதுன்னு தெரியலம்மா. எத நீ சொல்லிக் குடுத்தியோ, எத வெட்டுனியோ. அவ குரலையே என்னால இனி நம்ப முடியாதபடி பண்ணிட்டே." சொல்லிவிட்டு நாற்காலியை உள்ளே தள்ளினார். கதவு மூடிக்கொண்டது.

நான் திரும்ப ஓடினேன். அதிகாரி அம்மாவின் எதிரில் அடுத்த குடும்பம் உட்கார்ந்திருந்தது. உத்தரவு போட்டாயிற்று, இனிமேல் நோயாளி சொன்னதாக எதைச் சேர்க்க வேண்டுமென்றாலும் புது மனுதான் என்றார். அங்கேயே நின்றுகொண்டு எழுதிக் கொடுத்தேன். தேதி குளிர்காலத்துக்குத்தான் கிடைத்தது.

அக்காவைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ரயிலேறிப் போனேன். முதல் முறை போனபோது "தலகாணி சரியில்ல" என்று சொன்னாள், முழு மதியமும் ஆனது. தலையணையைச் சரி செய்தேன். அதற்கடுத்த முறை "நீ" என்றாள், ரயிலுக்கு நேரமாகும்வரை உட்கார்ந்திருந்தேன், அடுத்த வார்த்தை வரவில்லை. அது என்ன வார்த்தையாக இருந்திருக்கும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

புது மனுவுக்கு அதிகாரி அம்மாவே காப்பகத்துக்கு வந்தார். கருவி கொண்டுவரவில்லை. டிவியை நிறுத்தச் சொன்னார், தன் கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டார். அத்தான் கட்டிலின் கால்மாட்டில் நின்றார், இளைத்துப்போயிருந்தார்.

"இங்க இருக்கீங்களா, தங்கச்சி வீட்டுக்குப் போறீங்களா? ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா. அவசரமே இல்ல."

அக்காவின் கண் என்மேல் இருந்தது. நாங்கள் காத்திருந்தோம். தள்ளுவண்டி வந்தது, அதிகாரி அம்மா விரலைக் காட்டித் திருப்பி அனுப்பினார். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கி எழுந்துவிட்டார். கூடத்தில் விளக்கு போட்டார்கள். அதிகாரி அம்மா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தது. எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது, அன்றைக்கு ஏன் இப்படி உட்காரவில்லை என்று கழுத்தைப் பிடித்துக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாதும்மா. உங்களுக்குத்தான் தெரியும். இன்னும் இருக்குன்னு அன்னிக்குச் சொன்னீங்க, நான் கேக்கல. இப்ப நீங்க சொன்னா நம்பறேன். இன்னும் இருக்கா?"

அக்காவின் கீழ் உதட்டைப் பார்த்தேன். அது மடியாமல் தொங்கிப்போய், ஓரத்தில் ஈரம் வடிந்துகொண்டிருந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். எல்லாம் அங்கே இருந்தது, ஒன்றும் குறையவில்லை. அவர் கேட்டது வார்த்தையை.

"இல்ல மேடம்" என்றேன், அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருக்க.